குளவிக்கூட்டை எப்போது உடைக்கலாம்

பொங்கலுக்கு முன்னால் தண்டையார்பேட்டைப் பக்கம் பெயின்ட் வேலைக்கு வருகிறவர்கள் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே ஒரு வேலையை முடித்துவிடுவார்கள். பட்டி பார்க்கிற தகட்டை எடுத்துக்கொண்டு, உத்தரங்களுக்கு நடுவில், சஜ்ஜாவுக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் என்று ஒட்டியிருக்கும் குளவிக்கூடுகளை எல்லாம் சுரண்டித் தள்ளுவார்கள். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் இந்த வேலைக்கே நேரம் பிடிக்கும். தேக்கு உத்தரம், அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய செங்கல், சுண்ணாம்பு. மழை படாது, வெயில் நேராக விழாது, கை எட்டாது. மண்கூடு கட்டும் குளவிக்கு அதைவிட நல்ல மனை கிடைக்காது.

தரையில் விழுந்த மண்ணையும் அதிலிருந்து உதிர்ந்த சிலந்திகளையும் பார்த்ததும் தெருவில் கேள்விகள் கிளம்பிவிடும். இது கொட்டுமா, மருந்து அடித்தால் போய்விடுமா, மருமகள் உண்டாகியிருக்கிறாள் இப்போது உடைக்கலாமா என்று என்னிடம் வருவார்கள். பூச்சிகளைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம் என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். வாசலில் நின்றபடி துண்டு துண்டாகச் சொல்வதை இங்கே விரிவாக எழுதுகிறேன். மண்குளவிக்காக வீட்டுக்குள் பூச்சிமருந்து அடிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. எந்தக் குளவி, எந்த இடம், கூடு எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் ஒரு ஈரத்துணியும் ஒரு தகடும் போதும்.

முதலில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அடிபம்புக்குப் பக்கத்தில், தெருவோரத்து சின்டெக்ஸ் தொட்டியின் குழாய்க்குக் கீழே, துவைக்கிற கல்லிலிருந்து தண்ணீர் ஓடும் தடத்தில், காலையில் வெயில் ஏறியதும் வந்து இறங்கும். கறுப்பு உடம்பு, மஞ்சள் கால்கள். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் மெல்லிய நீளமான இடுப்பு. ஈரமண்ணில் தலையைக் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ரீங்காரம் போட்டபடி மண்ணை உருட்டும். பட்டாணி அளவில் உருண்டை தேறியதும் தாடையில் கவ்விக்கொண்டு பறந்துவிடும். சுவரில் அந்த உருண்டையை வைத்து அழுத்தும்போதும் அதே ரீங்காரம் கேட்கும். அதிர்வில் ஈரமண் இளகிப் பரவுகிறது. கட்டட வேலையில் கான்கிரீட்டுக்கு வைப்ரேட்டர் போடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

இப்படிச் சுமந்து சுமந்து ஒரு விரல்கணு நீளத்துக்கு ஓர் அறை எழும்பும். கட்டுவது, வேட்டையாடுவது, முட்டையிடுவது எல்லாம் ஒரே ஒரு பெண் குளவி. அதற்கு ராணி கிடையாது, வேலைக்காரக் குளவிகள் கிடையாது, கூட்டம் கிடையாது. வீட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் மறக்கக்கூடாத விஷயம் இது. தேனீயும், விஷவண்டு என்கிற கதண்டும் கொட்டுவது தங்கள் கூட்டத்தையும் கூட்டையும் காப்பாற்ற. மண்குளவிக்குக் காக்க வேண்டிய கூட்டம் இல்லை. கட்டி முடித்த கூட்டுக்கு அது காவலும் இருப்பதில்லை. நாம் பக்கத்தில் போனால் விலகிப் பறந்துவிடும். கையில் பிடித்து அழுத்தினாலோ, துணிக்குள் மாட்டிக்கொண்டாலோ கொட்டும். மற்றபடி அதன் கொடுக்கு சிலந்திக்கானது.

சிலந்திப் பகுதிதான் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதது. அறை காய்ந்ததும் குளவி வேட்டைக்குக் கிளம்பும். செடியில் வலை பின்னியிருக்கும் சிலந்தி, சுவரில் தாவும் சிலந்தி, எது அகப்பட்டாலும் கொடுக்கால் குத்தி உணர்விழக்கச் செய்யும். அது சாவதில்லை, அசைய முடியாமல் போகும், அவ்வளவுதான். செத்தால் நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு நாளில் கெட்டுப்போகும். உயிரோடு இருப்பதால் கெடாது. அப்படிப்பட்ட சிலந்திகளை ஒன்றன்மேல் ஒன்றாக அறைக்குள் அடைத்து, அவற்றில் ஒன்றின்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு, வாயை மண்ணால் பூசிவிடும். பிறகு அதை ஒட்டி அடுத்த அறை. சில அறைகள் சேர்ந்ததும் பல நேரம் மொத்தத்தின் மேலும் ஒரு பூச்சு பூசும். வெளியிலிருந்து பார்த்தால் யாரோ சுவரில் ஒரு பிடி மண்ணை அடித்துவிட்டுப் போன மாதிரிதான் தெரியும்.

உள்ளே முட்டை பொரித்து, புழு அந்தச் சிலந்திகளைத் தின்று வளரும். தீர்ந்ததும் காகிதம் மாதிரி மெல்லிய பழுப்புநிற உறை ஒன்றைத் தன்னைச் சுற்றி நூற்றுக்கொண்டு கூட்டுப்புழு ஆகும். சில வாரங்கள் கழித்து முழுக் குளவியாகச் சுவரைக் கடித்து வட்டமாக ஒரு துளை போட்டு வெளியேறும். பெரிய குளவிகளின் உணவு பூவில் இருக்கும் தேன். சிலந்தி முழுக்கப் பிள்ளைக்குத்தான்.

புழுவைக் கொட்டிக் கொட்டிக் குளவியாக்குகிறது என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். குருவை நினைத்துக்கொண்டே இருக்கும் சீடன் குருவாகவே ஆகிவிடுவான் என்பதற்கு உவமையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இந்தச் சொல்லின்மேல் மிகுந்த மரியாதை உண்டு, ஏனென்றால் யாரோ பொறுமையாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். குளவி ஒரு பச்சைப் புழுவைக் கொட்டித் தூக்கி வருகிறது, மண்ணுக்குள் வைத்து மூடுகிறது, கொஞ்ச நாளில் அதே மண்ணிலிருந்து ஒரு குளவி வருகிறது. அவர்கள் பார்த்தது அத்தனையும் சரி. முட்டை கண்ணில் படவில்லை, அது ஒன்றுதான் விட்டுப்போனது. உள்ளே போன புழு உணவு, வெளியே வந்தது வேறொரு பிள்ளை.

அந்தப் பச்சைப் புழுவைக் கொண்டுவருவது சிலந்தி பிடிக்கும் குளவி இல்லை, அதற்குத் தூரத்துச் சொந்தம். பானைக் குளவி. செம்பழுப்பும் கறுப்பும் மஞ்சளும் கலந்து இருக்கும், இதற்கும் இடுப்பு மெலிசு. கழுத்து வைத்த சின்னச் சின்னப் பானைகளாகக் கட்டும், திரைச்சீலையில், புத்தக முதுகில், சாமி படத்துக்குப் பின்னால்கூட. முதலில் முட்டையை உள்கூரையில் ஒரு நூலில் தொங்கவிட்டு, அப்புறம்தான் புழுக்களைக் கொண்டுவந்து அடைக்கும். கீரைப் பாத்தியையோ மாடித் தொட்டியையோ வைத்திருப்பவர்கள் இந்தக் குளவியைத் துரத்தக்கூடாது. இலையைச் சுருட்டித் தின்னும் புழுக்களைச் சம்பளமில்லாமல் பொறுக்கி எடுப்பது இதுதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. உடம்பு முழுக்க மினுமினுக்கும் நீலம். இது சொந்தமாகச் சுவரில் கட்டுவதில்லை. மூங்கில் துளை, கதவில் ஆணி பிடுங்கிய ஓட்டை, பழைய மண்கூட்டில் ஏற்கெனவே ஒரு குளவி வெளியேறிய துளை என்று கிடைத்த பொந்தில் சிலந்தியை அடைத்து வாயை மட்டும் பூசும். காலியான கூட்டை ஏன் சுரண்டி எடுக்க வேண்டும் என்பதற்கு இந்த நீலக் குளவிதான் காரணம்.

பச்சையாக மின்னும் ஒரு குளவி குளியலறையில் அலைகிறது, தொடைகள் சிவப்பாக இருக்கின்றன என்று சிலர் படம் எடுத்து அனுப்புவார்கள். அதை விட்டுவிடுங்கள். அது மண்கூடு கட்டாது. கரப்பான் பூச்சியைத் தேடி வந்தது. கரப்பானின் மார்பில் ஒரு முறை, தலையில் ஒரு முறை கொட்டி, அதன் மீசையைக் கவ்வி மாட்டைக் கயிறு பிடித்து ஓட்டுவதுபோல் பொந்துக்கு நடத்திக்கொண்டு போய், காலில் முட்டையை ஒட்டி அடைத்துவிடும். நம் வீட்டுச் சாக்கடை மூடிக்குள் இதைவிடப் பயனுள்ள விருந்தாளி வர முடியாது.

சிலந்தி பிடிக்கும் மண்குளவியின் அறிவியல் பெயர் செலிஃப்ரான் மதராஸ்படானம். மதராஸ்பட்டினம் என்ற நம் ஊரின் பெயர்தான் அது. டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ஃபேப்ரிசியஸ் 1781இல் வைத்த பெயர். ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது 1856இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பூச்சி நம் ஊர்ப் பெயரோடு ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறிவிட்டது. ஊரின் பெயர் இரண்டு மூன்று முறை மாறியும் குளவியிடம் பழைய பெயர் அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் தெருப் பிள்ளைகள் செருப்பால் அடிக்க ஓங்கிய கையை இறக்கிவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம்.

கடலோர மணலில் இந்தக் கூடு நிற்காது, களி வேண்டும். ராயபுரம், காசிமேடு பக்கம் தோண்டினால் மணல்தான். ஆனாலும் கூடுகள் இருக்கின்றன. கூட்டின் நிறத்தைப் பார்த்தால் மண் எங்கிருந்து வந்தது என்று புரியும். சாம்பல் நிறம் என்றால் கால்வாய்க் கரை வண்டல், அல்லது மழைநீர் வடிகாலுக்குத் தோண்டித் தெருவில் குவித்த மண். சிவப்பு என்றால் யாரோ வீடு கட்ட இறக்கிய கிராவல். பாதி சாம்பல், பாதி சிவப்பாக ஒரே கூட்டைப் பார்த்திருக்கிறேன். நடுவில் வடிகால் குழியை மூடியிருப்பார்கள், பாவம், வேறு இடம் தேடிப் போயிருக்கிறது.

இந்த நிறத்தை வைத்துத்தான் எங்கள் ஆயா ஆணா பெண்ணா என்று சொல்லும். வீட்டில் குளவி கூடு கட்டினால் யாரோ உண்டாகியிருக்கிறார்கள் என்று அர்த்தம். செம்மண்ணா களிமண்ணா என்று பார்த்துப் பிள்ளை எது என்று தீர்ப்பு. "கூட்ல கைய வெக்காத, அதுவும் ஒரு புள்ளத்தாச்சிதான்" என்று ஆயா அதட்டியது இன்னும் காதில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று மண்ணின் நிறம் சொல்லாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே ஒரு பிள்ளை வளர்கிறது என்று ஆயா சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அந்த நம்பிக்கையால் எத்தனையோ கூடுகள் உடைபடாமல் காலி ஆகும்வரை நின்றன.

பக்கத்து வீட்டில் சமீபத்தில் இதே பிரச்சினை வந்தது. மருமகள் ஏழு மாதம். படுக்கையறை ஜன்னலுக்கு மேல் கூடு. மாமியார் உடைக்கவே கூடாது என்கிறார். மகனுக்குக் குளவி என்றாலே பயம், மருந்து அடிக்கிறவரை வரச்சொல்லிவிட்டான். என்னைக் கூப்பிட்டார்கள். "அக்கா, நீயே சொல்லு, அடிக்கலாமா வேணாமா?" என்றான். கூட்டைப் போய்ப் பார்த்தேன். எல்லா அறைகளும் மூடியிருந்தன, குளவி வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த மண்ணின்மேல் மருந்து அடித்தால் உள்ளே இருக்கும் புழுவுக்குப் போகாது. வெளியே குளவியும் இல்லை. மருந்து எல்லாம் கர்ப்பிணி படுக்கும் அறையின் ஜன்னலிலும் திரையிலும்தான் தங்கும். இதைச் சொன்னதும் அவனே போனைப் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள். துளை விழுந்த பிறகு மாமியாரே குச்சியால் தட்டி எடுத்தார்.

வீட்டுக்குள் அடிக்கும் ஸ்பிரே டின்களிலும், மருந்து அடிக்கிறவர்கள் கலக்கும் திரவங்களிலும் பெரும்பாலும் இருப்பது பைரத்ராய்டு வகை. மனிதர்களுக்கு இருமலும் தோல் எரிச்சலும் தரும். மீன்களுக்கு அது கொடிய விஷம், மிகக் குறைந்த அளவே போதும். கொளத்தூரிலிருந்து வண்ண மீன் வாங்கிவந்து கூடத்தில் தொட்டி வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். தொட்டிக்குக் காற்று ஏற்றும் மோட்டார் அறையின் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. பூனைக்கும் இந்த வகையில் சில மருந்துகள் ஆகாது. இன்னொன்று, சிலந்தி பிடிக்கும் குளவி இரவில் தன் கூட்டில் தங்குவதில்லை. ராத்திரி போய் மருந்து அடித்தால் எல்லாம் ஒழியும் என்று சொல்வது கதண்டுக் கூட்டுக்குப் பொருந்தும் கணக்கு.

மண்ணெண்ணெய்ப் பந்தம் கொளுத்திக் காட்டுவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். ஒட்டி ஒட்டி வீடுகள் இருக்கும் சந்துகளில், தலைக்குமேல் ஒயர் தொங்கும் இடத்தில், ஒரு பிடி மண்ணுக்காக நெருப்பைத் தூக்கக்கூடாது.

கதண்டு விஷயம் முற்றிலும் வேறு. பேப்பரில் விஷவண்டு என்று போடுவது இதைத்தான். மண்குளவியைவிடத் தடித்த உடம்பு, வயிற்றில் அகலமான ஆரஞ்சு அல்லது மஞ்சள் பட்டை. அதன் கூடு மண்ணால் ஆனதில்லை. மரநாரை மென்று காகிதம் மாதிரி செய்து, வரிவரியான பெரிய உருண்டையாகத் தென்னையிலோ, பூட்டிக்கிடக்கும் வீட்டின் மாடியிலோ, தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலோ கட்டும். உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும், ஒன்றைச் சீண்டினால் கூட்டமாக வரும். கீழ்நோக்கித் திறந்த அறைகளோடு சின்னக் காகிதத் தட்டாகத் தொங்கும் குளவிக்கூடும் உண்டு. அதிலும் கூட்டம்தான், கதண்டு அளவுக்கு மூர்க்கம் கிடையாது, இருந்தாலும் கொட்டும். ஆக, மண்ணா காகிதமா என்று முதலில் பார்க்க வேண்டும். கதண்டுக் கூடு என்றால் கல்லெறியாமல், குச்சி வைத்துக் குத்தாமல், பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுத் தீயணைப்புத் துறையை 101இல் கூப்பிடுங்கள். அவர்கள் வந்து அகற்றுவார்கள்.

எந்தக் குளவி கொட்டினாலும் சோப்புத் தண்ணீரில் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி வைக்கலாம். தேனீயின் கொடுக்கு தோலில் நிற்கும், குளவியின் கொடுக்கு நிற்காது, அதனால் பிடுங்குவதற்கு ஒன்றும் இருக்காது. உதடும் நாக்கும் வீங்குவது, மூச்சு இழுப்பது, உடம்பெல்லாம் தடிப்பது, தலைசுற்றி விழுவது, பல இடத்தில் கொட்டியிருப்பது, இதில் எது இருந்தாலும் சுண்ணாம்பு தடவி உட்கார்ந்திருக்காமல் 108ஐ அழையுங்கள். ஒவ்வாமை ஒரு கொட்டிலேயே உயிருக்கு வினையாகலாம்.

சரி, மண்குளவிக்கு வருவோம். அது தானாக வந்து கொட்டாது, சிலந்தியைக் குறைக்கிறது, அழகாகக் கட்டுகிறது என்றாலும் அதை விடவே கூடாத இடங்கள் வீட்டில் இருக்கின்றன. என் தம்பி ஏசி மெக்கானிக். மணலியிலிருந்து பெரம்பூர் வரை போய்வருகிறவன். ஏசியிலிருந்து அறைக்குள் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டால் முதலில் வெளியே நீட்டியிருக்கும் வடிகுழாயின் முனையைப் பார்ப்பான். குளிர்காலத்தில் ஏசி ஓடாத மாதங்களில் குளவி அதற்குள் மண் அடைத்திருக்கும். கோடையில் போட்டதும் தண்ணீர் போக வழியில்லாமல் சுவர் வழியாக இறங்கும். வேடிக்கை என்னவென்றால், ஓடுகிற ஏசியின் வடிகுழாய் சொட்டும் இடத்தில்தான் அந்தத் தெருக் குளவிகள் எல்லாம் ஈரமண் எடுக்கின்றன. குழாய் முனைக்கு ஒரு துண்டு நைலான் வலை கட்டி, சொட்டும் தண்ணீருக்கு ஒரு பக்கெட்டை வைத்தால் இரண்டும் தீரும்.

அடுத்தது பிளக் பாயின்ட். மூன்று துளைகளும் குளவிக்கு ஏற்ற அளவு. பயன்படுத்தாத பிளக்கில் ஈரமண்ணை வைத்து அடைத்துவிட்டுப் போய்விடும். அவசரத்துக்கு ஹேர்பின், ஸ்க்ரூடிரைவர் எதையும் விட்டுக் குடையாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பிளேட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வதுதான் முறை. சின்னப் பிள்ளைகளுக்காக விற்கும் பிளாஸ்டிக் மூடிகளைச் சும்மா இருக்கும் பிளக்குகளில் செருகிவைத்தால் அப்புறம் தொல்லை இல்லை. பரணில் போட்டுவைத்த பழைய கேஸ் அடுப்பைத் திரும்ப எடுக்கும்போது பர்னருக்குக் கீழே காற்று நுழையும் குழாயைப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் காற்று சரியாகக் கலக்காமல் நெருப்பு மஞ்சளாக எரியும், பாத்திரம் கரிபிடிக்கும். பூட்டின் சாவித் துவாரம், ஜெனரேட்டரின் புகைக்குழாய், ஓரங்கட்டி நிறுத்திய பைக், எல்லாம் இதே பட்டியல்தான். ஒரு குழாயும் ஒரு துளையும் சும்மா இருந்தால் அதற்கு அது வீடு.

ஒரு குழாயை மண் அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் 1996 பிப்ரவரி 6இல் நடந்தது. டொமினிக்கன் குடியரசின் புவெர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கெனேர் 301 என்ற போயிங் 757 விமானம் சில நிமிடங்களில் கடலில் விழுந்து, அதில் இருந்த 189 பேரும் இறந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்க பிட்டோ குழாய் என்று வெளியே நீட்டிய ஒரு சின்னக் குழாய் இருக்கும். விமானம் அதற்கு முன் பல நாட்கள் பறக்காமல் நின்றிருந்தது, குழாய்க்கு உறை போடவில்லை. அடைபட்ட குழாய் தவறான வேகத்தைக் காட்டி விமானிகளைக் குழப்பியது. அடைத்தது மண்குளவியின் கூடாக இருந்திருக்கலாம் என்பது விசாரணையாளர்களின் கணிப்பு, அந்தக் குழாய் கடலிலிருந்து கிடைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய சாவித்துளைக் குளவி இதே வேலையைச் செய்வதால், அங்கே நிற்கும் விமானங்களின் பிட்டோ குழாய்களுக்கு உறை போடுகிறார்கள். அங்கேயும் கடைசியில் கண்ட வழி உறைதான். நம் வீட்டு வடிகுழாய்க்கும் அதே வழிதான்.

கட்டுப்பாடு என்றால் நான் முதலில் சொல்வது ஈரமண். ஒழுகும் குழாய்க்கு வாஷர் மாற்றுவது, அடிபம்பைச் சுற்றிக் கொஞ்சம் சிமென்ட் பூசித் தண்ணீரை வடிய விடுவது. குளவி மண்ணைத் தேடி வேறு இடத்துக்குப் போகும், தேங்கும் தண்ணீரும் குறையும். அடுத்தது சிலந்தி. ஒட்டடை அடிக்காத மூலை குளவிக்குக் கறிக்கடை. வாசலில் இரவெல்லாம் எரியும் வெள்ளை விளக்குக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளுக்காகச் சிலந்தி வலை கட்டும், சிலந்திக்காகக் குளவி வரும். விளக்கைத் தேவைக்கு மட்டும் போட்டால் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். பிறகு பொந்துகள். ஆணி ஓட்டைக்குப் பட்டி, குழாய் நுழையும் சுவர் ஓட்டைக்கு சிமென்ட் அல்லது எம்-சீல், வென்டிலேட்டருக்குக் கொசுவலை.

கூட்டை எப்போது உடைப்பது? கட்ட ஆரம்பித்த அன்றைக்கே, மண் ஈரமாக இருக்கும்போது துடைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது. உள்ளே இன்னும் சிலந்தியும் இல்லை, முட்டையும் இல்லை. குளவி மண் எடுக்கப் போன நேரம் பார்த்து ஈரத்துணியால் ஒரு இழுப்பு, கறையும் தங்காது. மூடி முடித்த கூடு தொந்தரவில்லாத இடத்தில் இருந்தால் துளை விழும்வரை விட்டுவையுங்கள். பெரிய வட்டத் துளை தெரிந்தால் பிள்ளை கிளம்பிவிட்டது. ஊசி குத்தினதுபோல் சின்னத் துளைகளாக இருந்தால் குளவியின் கூட்டுக்குள்ளேயே முட்டை வைத்துப் பிழைக்கும் ஒட்டுண்ணிகள் வேலையைக் காட்டியிருக்கும். அறைக்கு ஒரு துளை என்று எண்ணிப் பார்த்து, எல்லாம் காலி என்றால் எடுக்கலாம். காய்ந்த கூட்டைச் சுரண்டுவதற்கு முன் தண்ணீர் தெளித்து ஊறவைத்தால் தூசி பறக்காது, பெயின்ட்டும் பெயராது. காலிக் கூட்டை அப்படியே விட்டால் நீலக் குளவி வாடகைக்கு வரும்.

அப்படி எடுத்த மண்ணைக் குழைத்துக் கன்ன வீக்கத்துக்குப் பற்றுப் போடும் பழக்கம் ஆயா காலத்தில் இருந்தது. மேல்தோலில் போட்டதோடு நின்றது. புண்ணிலோ, பிறந்த குழந்தையின் தொப்புளிலோ எந்த மண்ணையும் வைக்கக்கூடாது. ரணஜன்னி என்கிற டெட்டனஸ் கிருமி மண்ணில்தான் இருக்கிறது.

துடைத்த இடத்திலேயே குளவி திரும்பத் திரும்ப வந்து கட்டுகிறது என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அது நல்ல நிழலான, மழை படாத இடம் என்று தேர்ந்தெடுத்த இடம், எளிதில் விடாது. அந்த இடத்தில் சில நாட்களுக்கு ஒரு வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளையோ, ஆடிக்கொண்டிருக்கும் ஒரு துணியையோ ஒட்டிவைத்துப் பாருங்கள், பெரும்பாலும் நகர்ந்துவிடும். நகரவில்லை, இடமும் பிளக்கோ குழாயோ இல்லை, தொட்டில் கட்டும் உத்தரமும் இல்லை என்றால் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். சில நாட்களில் கட்டி முடித்துவிட்டு அதுவாகவே போய்விடும். துளை விழுந்ததும் தகட்டை எடுங்கள்.